குண்டு விழாத வீட்டின் குழாய்

நேயர்களுக்கு வணக்கம்.

போர் என்றதும் நம் நினைவுக்கு வருவது படங்கள்தான். சரிந்த மாடிவீடு, நெளிந்த கம்பிகள், புகை. வானொலியில் படம் காட்ட முடியாது. இன்றைக்கு அது எனக்கு வசதியாகவும் போயிற்று, நான் பேச வந்த சேதம் படத்தில் விழாத சேதம்.

ஒரு நகரத்துக்குள் சண்டை நடக்கிறது என்று வையுங்கள். உங்கள் தெருவில் ஒரு குண்டும் விழவில்லை. சுவரில் கீறல்கூட இல்லை. காலையில் எழுந்து குழாயைத் திறக்கிறீர்கள். ஒரு பெருமூச்சு மாதிரி காற்று வருகிறது, தண்ணீர் வரவில்லை.

பல கிலோமீட்டர் தள்ளி ஒரு துணைமின் நிலையத்தில், டிரான்ஸ்ஃபார்மர்மேல் குண்டுச் சிதறல் பட்டிருக்கிறது. அவ்வளவுதான் நடந்தது. டிரான்ஸ்ஃபார்மர் என்பது எண்ணெய் நிரப்பிய இரும்புத் தொட்டி. அதில் ஓட்டை விழுந்தால் எண்ணெய் ஒழுகும், தீயும் பிடிக்கும். மின்சாரம் நின்றதும் நீரேற்று நிலையத்தில் பம்பு நிற்கும். மேல்நிலைத் தொட்டியில் இருப்பு இருக்கும்வரை ஊர் சமாளிக்கும். அது தீர்ந்ததும் குழாய்க்குள் அழுத்தம் இறங்கும்.

இந்த அழுத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எந்த ஊர்க் குழாயிலும் கசிவு உண்டு. கசியாத குழாய் வலை உலகத்தில் இல்லை. அழுத்தம் இருக்கும்வரை தண்ணீர் வெளியே கசியும், அழுக்கு உள்ளே வராது. அழுத்தம் போய்விட்டால் அதே ஓட்டை வெளியே இருப்பதை உள்ளே உறிஞ்ச ஆரம்பிக்கும். வெளியே என்ன இருக்கிறது? அதே மின்சாரத்தை நம்பி ஓடிய கழிவுநீர்ப் பம்பும் நின்றிருக்கும். சாக்கடை எதிர்த்து ஏறி, குழிகளில் பொங்கி, மண்ணில் ஊறிக்கொண்டிருக்கும். நாலு நாள் கழித்து மின்சாரம் திரும்பி, 'தண்ணி வந்துடுச்சு' என்று ஊரே குடத்தோடு ஓடும்போது, அந்தக் குடத்தில் வருவது இந்தக் கலவைதான்.

போர் நீண்டகாலமாக நடக்கும் 16 நாடுகளை எடுத்துக்கொண்டு யூனிசெஃப் 2019இல் கணக்குப் பார்த்தது. அந்த நாடுகளில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நேரடித் தாக்குதலில் சாவதைவிட, சுத்தமான தண்ணீரும் சுகாதாரமும் இல்லாமல் வயிற்றுப்போக்கில் சாகும் வாய்ப்பு சராசரியாக ஏறத்தாழ 3 மடங்கு. 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்றால் 20 மடங்குக்கும் மேல். இந்தக் குழந்தைகளின் பெயர் போரில் இறந்தோர் பட்டியலில் ஏறுவதில்லை.

தண்ணீர் நின்றால் ஜனங்கள் வீட்டுக்குள் இருக்க முடியாது என்பது இன்னொன்று. போஸ்னியாவின் தலைநகர் சரயேவோ முற்றுகையில் இருந்தபோது, 1993 ஜூலையில், தோப்ரின்யா பகுதியில் தண்ணீருக்காக வரிசையில் நின்றவர்கள்மேல் குண்டு விழுந்து பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்திருந்தால் அவர்கள் ஏன் திறந்த வெளியில் நிற்கப்போகிறார்கள்?

1991இல் ஈராக்கின் மின்நிலையங்கள் தாக்கப்பட்டபோது சுத்திகரிப்பு நிலையங்களும் கழிவுநீர்ப் பம்புகளும் முடங்கின. சாக்கடை அப்படியே டைகிரிஸ் ஆற்றில் கலந்தது. 1999 மே மாதம் செர்பியாவில் வேறு ஒரு வித்தை. மெல்லிய கிராஃபைட் இழைகளை மின்கம்பிகள்மேல் தூவும் குண்டு. கட்டடம் இடியாது, ஆள் சாகமாட்டான், மின்சாரம் மட்டும் போகும். நாட்டின் சுமார் 70 சதவீதம் இருளில் மூழ்கியது. மென்மையான ஆயுதம் என்றார்கள் இதை. செயற்கைச் சுவாசத்தில் கிடக்கும் நோயாளிக்கு இதில் மென்மை எங்கே இருக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஜெனீவா உடன்படிக்கைகளோடு 1977இல் சேர்க்கப்பட்ட முதல் நெறிமுறையின் 54ஆம் பிரிவு, குடிநீர் அமைப்புகளைத் தாக்கவோ, அழிக்கவோ, பயனில்லாமல் செய்யவோ கூடாது என்கிறது. ஆனால் அந்தப் பிரிவு உதாரணமாகச் சொல்லும் பட்டியலில் மின்நிலையத்தின் பெயர் இல்லை. மின்சாரம் ராணுவத்துக்கும் போகிறதே, அது ராணுவ இலக்குதானே என்று வாதாட இடம் கிடைத்துவிடுகிறது. பம்பைத் தொடாமல் பம்பை நிறுத்தும் வழி அது. குண்டு விழும் இடத்தின் சேதத்தை மட்டும் எடைபோடாமல், பின்னால் வரிசையாக விழப்போவதையும் சேர்த்து எடைபோட வேண்டும் என்பது என் கட்சி. மக்கள் வாழும் இடங்களில் வெடி ஆயுதங்களைப் பயன்படுத்துவது பற்றி 2022 நவம்பரில் டப்ளினில் 80க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்ற அறிக்கையும் அந்தத் திசையில்தான் பேசுகிறது. அது அரசியல் வாக்குறுதி, சட்டமாகக் கட்டுப்படுத்தாது.

உடைந்ததை மாற்றிவிடலாமே என்றால், பெரிய டிரான்ஸ்ஃபார்மர் கடையில் அடுக்கி வைத்த சரக்கு இல்லை. ஆர்டர் கொடுத்துச் செய்ய வேண்டும், ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். 2022 அக்டோபரிலிருந்து உக்ரைனின் மின்கட்டமைப்பு தொடர்ந்து தாக்கப்பட்டபோது உதவ நினைத்த நாடுகளுக்கும் ஒரு சிக்கல். அங்கே முதுகெலும்பாக இருப்பவை 750, 330 கிலோவோல்ட் பாதைகள்; ஐரோப்பாவின் பெரும்பகுதியில் 400. எங்கோ சும்மா இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிக் கொண்டுவந்து மாட்டிவிட முடியாது.

சாமான் கிடைத்தாலும் மாட்ட ஆள் வேண்டும். எந்த வால்வு எந்தத் தெருவுக்கடியில் இருக்கிறது என்பது வரைபடத்தில் பாதி, பழைய ஃபிட்டரின் தலையில் பாதி. அவர் ஊரைவிட்டுப் போய்விட்டால் அந்தப் பாதியும் போயிற்று. இருக்கிறவர்களின் கதையையும் சொல்கிறேன். கிழக்கு உக்ரைனில் தோனெத்ஸ்க் வடிகட்டு நிலையம் இரண்டு படைகளுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு, இரண்டு பக்கத்து மக்களுக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தது. உள்ளே குளோரின் இருப்பு. அதில் குண்டு பட்டால் குடிநீர் நிலையமே விஷவாயுக் கிடங்கு. 2018 ஏப்ரலில் அங்கே வேலைக்குப் போய்வந்த ஊழியர்களின் பேருந்து சுடப்பட்டு ஐந்து பேர் காயப்பட்டார்கள். அவசரப் பழுது பார்ப்பதும் சிவில் பாதுகாப்புப் பணி என்று முன்னே சொன்ன ஜெனீவா நெறிமுறையின் 61ஆம் பிரிவு சொல்கிறது. துப்பாக்கி பிடித்தவன் 61ஆம் பிரிவைப் படித்துவிட்டா வருகிறான்?

அதனால் பழுது பார்க்கப் போகுமுன் இரண்டு தரப்புக்கும் தகவல் போக வேண்டும். யார் யார் வருகிறார்கள், எந்த வண்டி, எந்த வழி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை. இரண்டு பக்கமும் சரி என்றால்தான் வண்டி கிளம்பும். வழியில் கண்ணிவெடி இருக்கிறதா என்று வேறு பார்க்க வேண்டும். கிடைத்த நேரம் முடிவதற்குள் ஒரு வேட்டுச் சத்தம் கேட்டால் ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடி வந்து, மறுபடியும் அனுமதி கேட்க வேண்டும். இரண்டு மணி நேர வேலை இரண்டு வாரம் இழுப்பது இப்படித்தான்.

வேலை முடிந்து பம்பு ஓடத் தொடங்கினாலும் வால்வை ஒரேயடியாகத் திறக்கக் கூடாது. வெறும் குழாயில் காற்று அடைத்திருக்கும். தண்ணீர் வேகமாகப் பாய்ந்தால் சம்மட்டி அடித்ததுபோல் மோதி, குண்டுக்குத் தப்பிய குழாய்கூட வெடித்துவிடும். கால் சுற்று திருப்பி, நின்று, காது கொடுத்துக் கேட்டு, அப்புறம் இன்னொரு கால் சுற்று. அதற்குள் தெருமுனையில் குடங்கள் சேர்ந்துவிடும். முதலில் வருவது பழுப்புத் தண்ணீர், குடிக்கக் கூடாது, அதை ஓடவிட வேண்டும். பல நாளாகத் தண்ணீரையே பார்க்காதவர்கள் கண்முன்னால் அது ஓடிக்கொண்டிருக்கும்.

வணக்கம்.