மங்கலுக்குள் இருக்கும் வெளிச்சம்

நேயர்களுக்கு வணக்கம்.

மார்கழி விடியற்காலையில் பனிக்குள் எரியும் தெருவிளக்கை நினைத்துப் பாருங்கள். பல்பு சின்னதுதான். நம் கண்ணுக்குத் தெரிவதோ பெரிய ஒளிப்பந்து. வெளிச்சம் தொலைந்துபோகவில்லை, தன் இடத்தை விட்டுச் சிதறியிருக்கிறது. நுண்ணோக்கியில் எடுக்கும் படம் மங்கலாக வருவதும் ஏறக்குறைய இப்படித்தான்.

ஒளிரும் சாயம் ஏற்றிய செல்லில் நாம் குவியப்படுத்துவது ஒரு மெல்லிய தளத்தை மட்டும். ஆனால் அதற்கு மேலும் கீழும் உள்ளவையும் ஒளிர்ந்து படத்தில் புகைபோலப் படர்ந்துவிடும். மார்வின் மின்ஸ்கி 1957இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கன்ஃபோகல் முறை, இந்த வேண்டாத ஒளியை ஓர் ஊசித்துளை வைத்துத் தடுக்கிறது. நல்ல முறைதான். ஆனாலும் செல் தருவதே கொஞ்ச வெளிச்சம், அதில் ஒரு பங்கைத் தடுத்து விலக்குகிறோமே என்று எனக்கு மனசு கேட்காது. சிதறிய ஒளியைக் கணக்குப் போட்டு அதன் இடத்துக்கே திருப்பி அனுப்பும் மென்பொருள் இருக்கிறது. அந்தக் கணக்குக்கு டீகன்வொல்யூஷன் என்று பெயர்.

அதற்கு முதலில், நம் நுண்ணோக்கி ஒரு புள்ளியை எப்படிச் சிதறடிக்கிறது என்று தெரிய வேண்டும். 0.1 மைக்ரோமீட்டர் அளவுள்ள ஒளிரும் மணிகள் விற்கிறார்கள். சாதாரண ஒளி நுண்ணோக்கியால் 0.2 மைக்ரோமீட்டருக்குக் குறைவான இடைவெளியைப் பிரித்துக் காட்ட முடியாது என்பதால், இந்த மணி அதற்கு வெறும் புள்ளிதான். மணியை மேலிருந்து கீழாக, தளம் தளமாகப் படம் எடுத்து அடுக்கிப் பக்கவாட்டில் பாருங்கள். நம் உடுக்கை மாதிரி இருக்கும், நடுவில் ஒடுங்கி இரண்டு முனையிலும் விரிந்து.

அப்புறம் கணினியின் வேலை. செல் இப்படி இருக்கலாம் என்று ஓர் ஊகம் போடும். அந்த ஊகத்தை உடுக்கை வடிவத்தால் மங்கலாக்கி, நாம் எடுத்த படத்தோடு ஒப்பிடும். எங்கே பொருந்தவில்லையோ அங்கே ஊகத்தைத் திருத்தும். இப்படிப் பத்து, இருபது சுற்று. ரிச்சர்ட்சன் 1972இலும், லூசி 1974இலும் தனித்தனியாகக் கண்ட வழி இது. 1990இல் விண்ணுக்குப் போன ஹபிள் தொலைநோக்கியின் கண்ணாடி தவறாகத் தேய்க்கப்பட்டிருந்தது தெரிந்ததும், 1993 டிசம்பரில் அதைச் சரிசெய்யும் வரை, படங்களைத் தெளிவாக்க வானியலாளர்களுக்கு இந்தக் கணக்கும் கைகொடுத்தது. நுண்ணோக்கிப் பக்கத்தில், டேவிட் அகார்டும் ஜான் செடாட்டும் இதே நோக்கில் கணினியைக் கொண்டு பழ ஈயின் ராட்சத குரோமோசோம்கள் செல்லின் உட்கருவுக்குள் எப்படிச் சுருண்டு கிடக்கின்றன என்று 1983இல் முப்பரிமாணத்தில் காட்டினார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, நான் ஏமாந்த கதையையும் சொல்ல வேண்டும். ஒருமுறை தெளிவாக்கிய படத்தில் செல்லுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு பைகளான நுண்பைகள் ஒவ்வொன்றுக்கும் கீழே மெல்லிய வால் தெரிந்தது. புதிதாக எதையோ கண்டுவிட்டோம் என்று இரண்டு நாள் தூங்கவில்லை. பிறகு ஒரு சந்தேகம், எப்படி எல்லா வாலும் ஒரே திசையில் இருக்கும்? அதே ஸ்லைடில், அதே ஆழத்தில் ஒரு மணியை வைத்துப் பார்த்தேன். மணிக்கும் வால் இருந்தது. லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் இடையே விடும் எண்ணெயின் ஒளிவிலகல் எண் 1.515, செல் இருந்த நீருக்கோ 1.33. அந்த வித்தியாசத்தில் உடுக்கையின் ஒரு முகம் நீண்டுபோயிருந்தது. நானோ மென்பொருளே கணித்துத் தந்த சீரான உடுக்கையை நம்பியிருந்தேன். தப்பான உடுக்கையைக் கொடுத்தால் மென்பொருள் தப்பான செல்லைத்தான் வரைந்து தரும், அதுவும் மிகத் தெளிவாக.

சுற்றுகளைக் கூட்டிக்கொண்டே போனாலும் ஆபத்து. கேமராவின் இரைச்சல் எல்லாம் திரண்டு, செல்லில் இல்லாத புள்ளிகளாக நிற்கும். இப்போது வரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் பழகிய படங்களின் சாயலை வைத்து நிரப்புகின்றன. பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் எதையாவது எண்ணி அளந்து முடிவு சொல்ல அவற்றை மட்டும் நம்ப நான் தயங்குவேன்.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. படங்களை அலச ஃபிஜி, இந்தக் கணக்கைப் போட டீகன்வொல்யூஷன்லேப் 2 என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம். மூலப் படத்தை மட்டும் எந்தக் காரணத்துக்கும் அழித்துவிடாதீர்கள். முதல் நாள் செல்லைத் தொடாமல் மணியை மட்டும் படம் எடுங்கள். உடுக்கையின் இரண்டு முகமும் ஒரே அளவில் வந்தால் சரி, அடுத்த நாள் செல்லை வைக்கலாம்.

வணக்கம்.