கந்தகம் எரிபொருளில், நைட்ரஜன் காற்றில்

நேயர்களுக்கு வணக்கம்.

காற்று மாசு பற்றிய செய்தி வரும்போதெல்லாம் கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள் என்று இரண்டையும் ஒரே மூச்சில் படித்துவிடுவார்கள். இரண்டும் புகையோடு வருகின்றன; இரண்டும் நீரில் சேர்ந்தால் அமிலமாகின்றன; இரண்டும் மூச்சுக்குக் கெடுதல். பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் போலத்தான் இருக்கும். ஆனால் பிறந்த வீடு வேறு வேறு. ஒன்றை அடக்கும் வழியில் இன்னொன்றை அடக்க முடியாமல் போவதற்குக் காரணம் அதுதான்.

உங்கள் சமையலறையையே எடுத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரில் வரும் கேஸுக்கு இயல்பாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தை மிகச் சிறிதளவு கலந்து அனுப்புகிறார்கள். கசிவின்போது மூக்கைத் துளைப்பது அந்தக் கந்தகம்தான். அதைவிட்டால் அந்த வாயுவில் கந்தகம் அநேகமாக இல்லை. ஆகவே அடுப்பெரிவதால் கந்தக டை ஆக்சைடு பேசும்படியான அளவில் வருவதில்லை. ஆனால் நைட்ரஜன் டை ஆக்சைடு வருகிறது. சிலிண்டரில் இருப்பவை புரொப்பேனும் பியூட்டேனும். இரண்டிலும் கார்பனும் ஹைட்ரஜனும்தான் உண்டு, நைட்ரஜன் இல்லை. பிறகு அது எங்கிருந்து வந்தது?

அடுப்பைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டுண்டு கிடக்கின்றன. சாதாரண வெப்பத்தில் அந்தக் கட்டு அசையாது. அதனால்தான் பக்கத்திலேயே ஆக்சிஜன் இருந்தும் நைட்ரஜன் அதோடு சேராமல் இருக்கிறது. சுமார் 1300 டிகிரி செல்சியஸைத் தாண்டும் சூட்டில் கட்டு அவிழத் தொடங்கும். அப்போது நைட்ரிக் ஆக்சைடு உண்டாகிறது. அது வெளியே வந்து ஆக்சிஜனோடும் ஓசோனோடும் சேர்ந்து பழுப்பு நிற நைட்ரஜன் டை ஆக்சைடு ஆகிறது. இடி மின்னலின்போது வானத்தில் நடப்பதும் இதே வேதிவினைதான். மின்னலுக்கும் லாரி எஞ்சினுக்கும் அடுப்புக்கும் மூலப்பொருள் ஒன்றே. என்ன எரிக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சூட்டில் எரிக்கிறோம் என்பதே இங்கே முக்கியம்.

கந்தகத்தின் கதை இப்படியல்ல. நிலக்கரியிலும் கச்சா எண்ணெயிலும் முன்பே இருந்தால்தான் புகையில் வரும். இருந்தால் தப்பாமல் வரும். மெதுவாக எரித்தாலும் வேகமாக எரித்தாலும், எரிபொருளில் இருந்த கந்தகத்தின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடும். போகியன்று காலையில் சிலர் பழைய டயரைக் கொளுத்துகிறார்களே, ரப்பரைக் கடினமாக்குவதற்கென்றே அதில் கந்தகம் சேர்த்திருக்கிறார்கள். கரும்புகை கண்ணுக்குத் தெரிகிறது; கூடவே கிளம்பும் கந்தக டை ஆக்சைடு தெரிவதில்லை. தொண்டைக்கு மட்டும் தெரியும். 2018-ஆம் ஆண்டு போகியன்று சென்னை விமான நிலையத்தில் புகைமூட்டத்தால் விமானங்கள் தாமதமானதைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள்.

எரிபொருளோடு வரும் பொருள் என்பதால் கந்தகத்தை வாசலிலேயே தடுக்கலாம். சுத்திகரிப்பு ஆலையில் டீசலோடு ஹைட்ரஜனைச் சேர்த்து, வினையூக்கியின் மேல் செலுத்தினால் கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடாகப் பிரிந்துவிடும். அதிலிருந்து மஞ்சள் கந்தகத்தை மீட்டு அமில ஆலைகளுக்கு விற்கலாம். நம் நாட்டு வாகனப் புகை விதிகளை ‘பாரத் ஸ்டேஜ்’, சுருக்கமாக பிஎஸ், என்பார்கள். பிஎஸ்-3 டீசலில் பத்து லட்சத்தில் 350 பங்கு வரை கந்தகம் அனுமதிக்கப்பட்டது. பிஎஸ்-4 காலத்தில் அது 50. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்-6. இப்போது 10 பங்குதான். நம் நாட்டில் சத்தமில்லாமல் நடந்த நல்ல காரியங்களில் இதையும் நான் சேர்ப்பேன்.

நைட்ரஜனை இப்படி எரிபொருளிலிருந்து எடுத்துவிட்டுத் தப்பிக்க முடியாது, ஏனென்றால் டீசலிலும் பெட்ரோலிலும் அது அநேகமாக இல்லை. காற்றை நிறுத்தினால் தீயே நின்றுவிடும். எனவே இரண்டு வழிகள்தான். சுடரின் சூட்டைக் குறைப்பது ஒன்று. உண்டான வாயுவை மறுபடியும் நைட்ரஜனாகவே திருப்புவது மற்றொன்று. பெட்ரோல் கார்களில் ரோடியம் என்ற உலோகம் வினையூக்கியாக இருந்து இந்தத் திருப்பும் வேலையைச் செய்கிறது. பெரிய டீசல் லாரிகளில் யூரியா செய்கிறது. நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்க்குகளில் லாரிக்காரர்கள் டீசலோடு சேர்த்து ‘ஆட்ப்ளூ’ வாங்கி ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். வயலில் போடும் அதே யூரியாதான், நன்கு தூய்மையாக்கப்பட்டு, 32.5 விழுக்காடு கரைசலாக வருகிறது. சூடான புகைக்குழாயில் அது அம்மோனியாவாகிறது. அம்மோனியா வினையூக்கியின் மேல் நைட்ரஜன் ஆக்சைடோடு வினைபுரிந்து நைட்ரஜனும் நீராவியும் மிஞ்சுகின்றன.

இரண்டு கதைகளும் இங்கே ஓர் இடத்தில் முடிச்சிட்டுக்கொள்கின்றன. இந்த வினையூக்கிகளுக்குக் கந்தகம் ஆகாது; மேற்பரப்பில் படிந்து செயலிழக்கச் செய்துவிடும். கந்தகம் மிகுந்த டீசலை ஊற்றினால் நைட்ரஜன் ஆக்சைடைத் தடுக்கும் கருவியும் கெட்டுப்போகும். ஆகவே புது எஞ்சின்கள் வருவதானால் புது எரிபொருளும் கூடவே வந்தாக வேண்டியிருந்தது.

உடம்புக்குள் போகும் விதத்திலும் இரண்டும் வேறு. கந்தக டை ஆக்சைடு நீரில் எளிதாகக் கரையும். மூக்கிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்திலேயே பெரும்பாலும் கரைந்து, உடனே இருமல் வரவழைக்கும். ஆஸ்துமாக்காரர்களுக்குச் சில நிமிடங்களிலேயே மூச்சுக்குழல் சுருங்கலாம். நைட்ரஜன் டை ஆக்சைடு அவ்வளவாகக் கரையாது. எச்சரிக்காமல் நுரையீரலின் ஆழம்வரை போகும். சமைக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள் என்று சொல்வது தாளிப்புப் புகைக்காக மட்டுமல்ல.

அமில மழைக்கு வருகிறேன். அந்தச் சொல்லைப் பரப்பிய ஸ்காட்லாந்து வேதியியலாளர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் 19-ஆம் நூற்றாண்டிலேயே மான்செஸ்டரின் மழைநீரைச் சோதித்துப் பார்த்தவர். ஆனாலும் 1952 டிசம்பரில் லண்டனில் ஐந்து நாள் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற பிறகுதான், 1956-இல், பிரிட்டன் தூய காற்றுச் சட்டம் கொண்டுவந்தது. அக்காலத்தில் பல நாடுகளுக்குப் பிடித்த தீர்வு, புகைபோக்கியை உயர்த்துவது. உள்ளூர்க் காற்று தெளிந்தது. வாயு எல்லை தாண்டிப் போனது. ஸ்வீடன், நார்வே ஏரிகளில் மீன்கள் செத்தன. அமிலம் மண்ணிலிருந்து அலுமினியத்தைக் கரைத்துக் கொண்டுவந்தது. அது மீன்களின் செவுள்களைச் சிதைத்தது.

இந்தியாவில் அந்த அளவு அமில மழை இல்லை. காரணம் நம் சாமர்த்தியம் அல்ல, புழுதி. காற்றில் மிதக்கும் சுண்ணாம்புச் சத்துள்ள மண்தூசி அமிலத்தைப் பெருமளவு முறித்துவிடுகிறது. அமிலத்தை முறிக்கும் சுண்ணாம்புக்கு என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் பளிங்கு. பளிங்கும் கால்சியம் கார்பனேட்தான். கந்தக அமிலம் பட்டால் ஜிப்சமாக மாறி உதிரும். தாஜ்மகாலைச் சுற்றியுள்ள ஆலைகள் கரி எரிப்பதை நிறுத்த வேண்டும் என்று 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததன் பின்னணியில் இந்த வேதியியலும் இருந்தது. பளிங்கு மஞ்சளிப்பதற்குக் கரித்துகளும் தூசியும் பெரிய காரணம் என்று பின்னர் வந்த ஆய்வுகள் சொல்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தாஜ்மகாலில் எதற்குப் பயந்தோமோ, அதையே வேண்டுமென்று செய்யும் கருவியும் உண்டு. அனல்மின் நிலையத்துப் புகையைச் சுண்ணாம்புக் கல் கூழின் ஊடே செலுத்தினால் கந்தக டை ஆக்சைடு அங்கேயே ஜிப்சமாகிவிடும். அந்த ஜிப்சத்தை சிமென்ட் ஆலைக்கு அனுப்பலாம். 2015 டிசம்பரில் மத்திய அரசு விதித்த கந்தக டை ஆக்சைடு வரம்பை எட்டுவதற்குப் பெரும்பாலான நிலையங்களுக்கு இதுதான் வழி. கெடு 2017 என்றார்கள். பிறகு பலமுறை தள்ளிப்போட்டார்கள். 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். டெல்லி தலைநகர்ப் பகுதிக்கோ பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களுக்கோ 10 கிலோமீட்டருக்குள் இருப்பவை 2027 இறுதிக்குள் விதியை நிறைவேற்ற வேண்டும்.

விலக்குக்கு ஆதரவாகச் சொல்லும் காரணங்கள் வெறும் சாக்கு அல்ல. நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு, பெரும்பாலும் அரை விழுக்காடு அளவில்தான். சுண்ணாம்புக் கல்லையும் வெட்டித்தான் எடுக்க வேண்டும். நிலையத்தைச் சுற்றி அளந்தால் காற்றில் கந்தக டை ஆக்சைடு வரம்புக்குள்தான் இருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் அளக்கிற இடத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. 275 மீட்டர் உயரப் புகைபோக்கியிலிருந்து போகும் வாயு அடிவாரத்தில் இறங்குவதில்லை. வழியில் கந்தக அமிலமாகி, வயல்களிலிருந்தும் மாட்டுத் தொழுவங்களிலிருந்தும் எழும் அம்மோனியாவைப் பிடித்துக்கொண்டு, அம்மோனியம் சல்பேட் என்ற நுண்துகளாக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணிக்கும். அங்கே அதைக் கந்தகம் என்று யாரும் எண்ணுவதில்லை, பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள் கணக்கில் போய்விடுகிறது. கந்தகம் குறைவு என்றாலும் எரிக்கும் கரி கோடிக்கணக்கான டன். மேரிலாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு 2017-இல் வெளியிட்ட ஆய்வு, 2007-க்குப் பிறகு சீனாவின் கந்தக டை ஆக்சைடு 75 விழுக்காடு குறைந்ததையும் நம்முடையது 50 விழுக்காடு கூடியதையும் காட்டியது. சீனாவும் நிலக்கரியை விட்டுவிடவில்லை, புகையைக் கழுவியது.

நகரங்களுக்கு அருகிலுள்ள நிலையங்களுக்காவது 2027 என்ற தேதி இருக்கிறது. அந்தத் தேதி நிற்குமா என்று இப்போதிருந்தே கேட்க வேண்டும். இந்த விதியில் இதுவரை வந்த கெடுக்கள் எதுவும் நிற்கவில்லை.

நன்றி, வணக்கம்.