பிளவும் இணைவும்

நேயர்களுக்கு வணக்கம். அணுக்கருவைப் பிளந்தாலும் ஆற்றல் கிடைக்கிறது, இணைத்தாலும் கிடைக்கிறது. அதெப்படி என்று கேட்பது நியாயமே. புரோட்டான்களும் நியூட்ரான்களும் மிக இறுக்கமாகப் பிணைந்திருப்பது இரும்பு, நிக்கல் போன்ற நடுத்தர அணுக்கருக்களில்தான். யுரேனியம் உடைந்தும் ஹைட்ரஜன் சேர்ந்தும் அந்த இறுக்கத்தை நோக்கியே நகர்கின்றன. பிணைப்பு இறுகும்போது நிறையில் ஒரு சிறு பங்கு குறைந்து ஆற்றலாக வெளிப்படுகிறது.

எதில் ஆற்றல் அதிகம்? இணைவில்தான் என்று பலரும் சட்டென்று சொல்வார்கள். அது பாதி உண்மை. ஒரு யுரேனியம்-235 அணுக்கரு பிளந்தால் சுமார் 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) கிடைக்கும். ஹைட்ரஜனின் கனமான வடிவங்களான டியூட்டீரியமும் டிரிடியமும் இணைந்தால் 17.6 மட்டுமே. ஆனால் அங்கே பங்கேற்பவை, பிளக்க வரும் நியூட்ரானையும் சேர்த்து, 236 துகள்கள், இங்கே ஐந்தே ஐந்து. எடைக்கு எடை பார்த்தால் இணைவு தருவது ஏறத்தாழ நான்கு மடங்கு.

என்னைக் கேட்டால், இவ்விரண்டின் வரலாற்றையும் தீர்மானித்தது மின்னூட்டம். நியூட்ரானுக்கு அது கிடையாது. யுரேனியக் கருவுக்குள் தடையின்றி நுழைந்துவிடும், மெதுவாக வந்தால் இன்னும் எளிதாக. பிளவில் வெளிவரும் இரண்டு மூன்று நியூட்ரான்கள் அடுத்தடுத்த கருக்களைப் பிளக்கும். ஜெர்மன் வேதியியலாளர்கள் ஹானும் ஸ்ட்ராஸ்மனும் 1938 இறுதியில் பிளவின் தடயத்தைக் கண்டார்கள். 1942 டிசம்பர் 2 அன்று சிகாகோவில் தொடர்வினை கட்டுப்பாட்டோடு நடந்தது. இணைவிலோ இரண்டு கருக்களும் நேர்மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று விலக்குபவை. அவற்றை மோதவைக்கப் பத்துக் கோடி டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். சூரியனின் மையத்தில் ஒன்றரைக் கோடிதான். சூரியனுக்கு அவசரமில்லை, நமக்கு இருக்கிறது.

பாதுகாப்புக்கு வருவோம். இணைவு உலையில் பிளாஸ்மா, அதாவது மின்னூட்டம் பெற்ற சூடான வாயு, சற்றுக் குளிர்ந்தாலே வினை நின்றுவிடும். பிளவு உலையில் தொடர்வினையை நிறுத்திய பிறகும் பிளவுத் துண்டுகள் சிதைந்து வெப்பம் தருகின்றன. நிறுத்திய கணத்தில் அது முழுத் திறனில் ஆறேழு சதவீதம். 2011இல் புகுஷிமாவில் ஓடிக்கொண்டிருந்த உலைகள் நிலநடுக்கத்தின்போதே முறைப்படி நின்றன. எரிபொருளை உருக்கியது இந்த எஞ்சிய வெப்பம். அதற்காக இணைவை மாசற்றது என்று கொண்டாடுவதும் மிகை; அதன் வேகமான நியூட்ரான்கள் உலைச் சுவரையே கதிரியக்கமாக்கும்.

2022 டிசம்பர் 5 அன்று கலிபோர்னியாவில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றல் எரிபொருள் வில்லையைத் தாங்கிய இலக்கின்மேல் பாய்ந்தது, இணைவிலிருந்து 3.15 மெகாஜூல் கிடைத்தது. பெரிய சாதனைதான். ஆனால் அந்த லேசர்களை இயக்க மின்கட்டமைப்பிலிருந்து எடுத்தது சுமார் 300 மெகாஜூல். இணைவு மின்சாரம் எப்போது வரும் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த எண்ணைத்தான். நன்றி.