அம்மா தனியாகச் சிங்கப்பூர் போகிறார்: பெட்டியில் எதை வைப்பது, எதை எடுத்துவிடுவது?

வணக்கம். போன வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். சிங்கப்பூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருக்கு அடுத்த மாதம் பிரசவம். உடனிருந்து பார்த்துக்கொள்ள அம்மா திருச்சியிலிருந்து வருகிறார். அம்மாவுக்கு வயது 63, விமானத்தில் ஏறுவது இதுதான் முதல் தடவை, அதுவும் தனியாக. கேள்வி இது: "டிக்கெட்டில் 25 கிலோ என்று போட்டிருக்கிறது. அம்மா லேகியம், ஊறுகாய், நல்லெண்ணெய், கொப்பரை, மசாலாப் பொடி எல்லாம் எடுத்து வைத்திருக்கிறார். எல்லாவற்றையும் கொண்டுவரலாமா? பவர் பேங்கை எதில் வைக்க வேண்டும்?"

சகோதரி, முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் பெட்டியை மூன்று பேர் பார்க்கிறார்கள். மூவருக்கும் கவலை வேறு வேறு. விமான நிறுவனம் எடையைப் பார்க்கும். பாதுகாப்புச் சோதனைக்காரர்கள் இந்தப் பொருளால் விமானத்துக்கு ஆபத்து வருமா என்று பார்ப்பார்கள். இறங்கும் நாட்டு அதிகாரி தன் நாட்டுச் சட்டத்துக்கு அது ஒத்துவருமா என்று பார்ப்பார். "கவுன்டரில் ஒன்றும் சொல்லவில்லையே" என்று அங்கே போய்ச் சொன்னால் எடுபடாது. கவுன்டரில் இருப்பவர் பார்த்தது எடையை மட்டும்தான்.

அதனால் அம்மாவின் பெட்டியிலிருந்து உடனே எடுக்கச் சொல்ல வேண்டியது கசகசா. நீங்கள் பட்டியலில் கசகசா என்று எழுதவில்லை, மசாலாப் பொடி என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் வீட்டில் அரைத்த குருமாப் பொடியில் கசகசா சேர்ப்பது நம் பக்கம் வழக்கம். கசகசா என்பது அபினிச் செடியின் விதை. சிங்கப்பூரில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் அது சிக்கலான பொருள். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதியிலும் தடை. நமக்கு அது குழம்புக்குக் கெட்டித்தன்மை தருகிற சாமான், அங்கே அது போதைப்பொருள் வழக்கு. அம்மாவிடம் இன்றைக்கே போன் போட்டு, பொடியில் என்னென்ன சேர்த்தார் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கசகசா இருந்தால் அந்தப் பொடி ஊரிலேயே இருக்கட்டும். வெற்றிலை போடும் பழக்கம் இருந்தால் புகையிலையையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். மெல்லும் புகையிலைக்குச் சிங்கப்பூரில் அனுமதி இல்லை. சூயிங்கம்மும் 1992 முதல் உள்ளே விடுவதில்லை.

அடுத்தது கொப்பரை. இதைக் கைப்பையிலும் வைக்கக்கூடாது, கவுன்டரில் கொடுக்கும் பெரிய பெட்டியிலும் வைக்கக்கூடாது. தேங்காய்ச் சில்லில் என்ன ஆபத்து என்று நிறையப் பேர் கோபப்படுகிறார்கள். காரணம் அதன் எண்ணெய்ச்சத்து. கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. அபாயகரமான சரக்குகளின் சர்வதேசப் பட்டியலில் அதற்கென்று தனி எண்ணே இருக்கிறது, 1363. தேங்காய் எண்ணெய் ஆட்டும் செக்குப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஈரத்தோடு குவித்த கொப்பரை மூட்டைக்குள் கையை விட்டால் சுடும்.

முழுத் தேங்காய் கதை வேறு. பயணிகள் உட்காரும் கேபினுக்குள் பொதுவாக விடுவதில்லை. 2024 அக்டோபரில் சபரிமலை பக்தர்களுக்காக, இருமுடியில் உள்ள தேங்காயைக் கேபினில் கொண்டுபோக 2025 ஜனவரி 20 வரை தனியாக அனுமதி கொடுத்தார்கள். தனி அனுமதி தேவைப்பட்டது என்றாலே சாதாரண நாளில் நிலைமை என்ன என்று புரியும். தேங்காய் சிங்கப்பூரில் தேக்கா சந்தையிலேயே கிடைக்கும். அதற்காக அம்மா ஒரு கிலோ எடையை விட வேண்டாம்.

சரி, லேகியத்துக்கு வருவோம். பிரசவ லேகியம், நெய், ஊறுகாய், நல்லெண்ணெய் எல்லாம் பெரிய பெட்டிக்குள்தான் போக வேண்டும். "லேகியம் கெட்டியாகத்தானே இருக்கிறது, அது எப்படித் திரவம்?" என்று அம்மா கேட்பார். கொட்டினால் ஓடுவது, பிதுக்கினால் வருவது, விரலால் வழித்துத் தடவ முடிவது எல்லாமே அவர்கள் கணக்கில் திரவம்தான். பற்பசையும் அப்படியே. வெளிநாட்டுப் பயணத்தில் கைப்பையில் திரவம் வைத்தால் ஒவ்வொரு குப்பியும் 100 மில்லிக்குள் இருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளும் ஒரே பிளாஸ்டிக் பைக்குள் அடங்க வேண்டும். பெரிய குப்பியில் பாதிதான் எண்ணெய் இருக்கிறது என்ற வாதமும் செல்லாது, குப்பியின் அளவைத்தான் பார்ப்பார்கள். 2006 ஆகஸ்டில் லண்டனிலிருந்து கிளம்பும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்க நடந்த சதி பிடிபட்ட பிறகு வந்த விதி இது.

எண்ணெய் கட்டுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விமானம் மேலே போனதும் உள்ளே காற்றழுத்தம் குறைந்து, சுமார் 8,000 அடி உயர மலையில் இருப்பது போன்ற நிலை வரலாம். பெட்டிகள் இருக்கும் அடித்தளத்திலும் அப்படித்தான். ஊட்டிக்குப் போகும்போது பையிலிருக்கும் சிப்ஸ் பாக்கெட் உப்பிப் பலூன் போல நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான் எண்ணெய்க் குப்பிக்குள்ளும் நடக்கிறது. உள்ளே அடைபட்ட காற்று விரிந்து மூடி வழியாக எண்ணெயைத் தள்ளும். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம். கொஞ்சம் நெளிந்துகொடுக்கும் பிளாஸ்டிக் குப்பியில் ஊற்றி, மேலே மிச்சமிருக்கும் காற்றைக் குப்பியை லேசாக அழுத்தி வெளியேற்றிவிட்டு, அப்படியே மூடியைத் திருகுங்கள். விரிய இடம் கிடைக்கும். அப்புறம் மூடியைச் சுற்றி டேப், அதற்கு மேல் இரண்டு ஜிப் கவர், அதற்கும் மேல் ஒரு பழைய துண்டு. பெட்டியின் ஓரத்தில் வைக்காமல் துணிகளுக்கு நடுவில் வையுங்கள். ஊறுகாய்க்கும் இதேதான்.

பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே. பெரிய பெட்டியில் வைத்தால் ஸ்கேனில் தெரிந்து அம்மாவைத் திரும்பக் கூப்பிடுவார்கள், பதற்றத்தில் அவருக்கு ஒன்றும் புரியாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் கேபினில் ஆள் பார்த்து அணைக்கலாம், அடித்தளத்தில் யார் பார்ப்பது? வாட்-மணி என்பது பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்பதன் அளவு. 100 வாட்-மணி வரை அனுமதி கேட்கத் தேவையில்லை. 20,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க் என்றால் அதை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட்-மணி. பிரச்சினை இல்லை. ஆனால் எழுத்து அழிந்துபோன பவர் பேங்கைப் பறித்துக்கொள்ளலாம், அளவு படிக்கும்படி இருக்க வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் இரண்டிலும் 2025 ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தக் கூடாது. அம்மாவின் போனை வீட்டிலேயே முழுவதும் சார்ஜ் செய்து அனுப்புங்கள்.

இப்போது எடை. ஒரு விமான நிலையத்தில் நான் வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் ஒரு பெரியம்மா. நான்கு கிலோ கூடுதல் என்றார்கள். அவர் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். மேலேயே உள்பாவாடைகள், அதற்குக் கீழே பேரனுக்குத் தைத்த மெத்தை. சேலைத் தலைப்பால் அவற்றை மறைத்துக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். பின்னால் நாற்பது பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். கடைசியில் அவர் விட்டுப்போனது அந்த மெத்தையைத்தான். உங்கள் அம்மாவுக்கு அந்த நிலை வரவே கூடாது. வீட்டில் எடை பார்க்கும் மெஷினில் முதலில் நீங்கள் சொல்லும் ஆள் ஒருவர் தனியாக ஏறட்டும், அப்புறம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறட்டும். வித்தியாசம்தான் பெட்டியின் எடை. 25 கிலோ என்றால் 24-இல் நிறுத்திவிடுங்கள், தராசுக்குத் தராசு கொஞ்சம் மாறும். கூடுதல் எடை கட்டாயம் தேவை என்றால் முன்கூட்டியே இணையத்தில் வாங்குங்கள், கவுன்டரில் கேட்கும் தொகை பெரும்பாலும் அதிகம்.

25 கிலோவை இரண்டு பெட்டியாகப் பிரிக்கலாமா என்பது டிக்கெட்டைப் பொறுத்தது. கிலோக் கணக்கு உண்டு, பெட்டிக் கணக்கும் உண்டு. அமெரிக்கா போகிறவர்களுக்குப் பெரும்பாலும் பெட்டிக்கு 23 கிலோ என்று எண்ணிக்கையோடு வரும். கிலோக் கணக்கிலும் சில நிறுவனங்கள் ஒரே பெட்டிதான் என்கின்றன, அதனால் டிக்கெட்டின் அந்த வரியை முழுதாகப் படியுங்கள். எப்படியானாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். தூக்குகிற தொழிலாளியின் முதுகும் முதுகுதானே. வயதான அம்மாவுக்கு ஒரே 24 கிலோ பெட்டியைவிட 12, 12 என இரண்டு பெட்டி நல்லது. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் பெல்ட்டிலிருந்து அவரே இழுத்து எடுக்க வேண்டும்.

மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள், டாக்டர் சீட்டோடு, அட்டையிலிருந்து பிரிக்காமல். சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத மருந்து வரை சிங்கப்பூரில் சாதாரணமாக அனுமதி. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த மருந்து என்றால் மட்டும் முன்அனுமதி வேண்டுமா என்று நீங்களே அங்கிருந்து பார்த்துவிடுங்கள். நகை, பணம், வீட்டுச் சாவி எதையும் பெரிய பெட்டியில் வைக்க விடாதீர்கள்.

வேறு யாராவது முன்பு கொண்டுபோன பெட்டி என்றால், அதில் பழைய பயணத்தின் பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உரித்துவிடச் சொல்லுங்கள். பெட்டியைப் பிரித்து அனுப்பும் இயந்திரம் பழைய கோட்டைப் படித்துக் குழம்பக்கூடும். உங்கள் சிங்கப்பூர் முகவரியும் போன் எண்ணும் எழுதிய ஒரு தாளை பெட்டிக்கு உள்ளேயும் வையுங்கள், வெளிச்சீட்டு கிழிந்தாலும் இது இருக்கும். பெட்டி வரவில்லை, உடைந்திருக்கிறது என்றால் வெளியே வருவதற்கு முன்பே அங்குள்ள பெட்டிக் குறை கவுன்டரில் எழுதிக் கொடுத்து நகல் வாங்க வேண்டும். விமானப் பயணிகளுக்கான இழப்பீடு பற்றிய சர்வதேச மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி சேதத்துக்கு 7 நாளுக்குள், தாமதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும்.

கடைசியாக, கவுன்டரில் பெட்டியில் ஒட்டும் நீளச் சீட்டில் எஸ்.ஐ.என். என்ற மூன்று எழுத்து இருக்க வேண்டும், அது சிங்கப்பூர். அதன் சின்னத் துண்டு ஒன்றைப் போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டிக் கொடுப்பார்கள். அம்மாவை வழியனுப்ப வருகிறவர் உள்ளே வர முடியாது. அதனால் அந்தத் துண்டை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடும்படி கவுன்டர் பிள்ளையிடமே கேட்கச் சொல்லுங்கள். கேட்டால் செய்வார்கள்.