52-இல் 27 போனால் 35? இந்தத் தப்பு விடைக்குள் ஒரு கணக்கு இருக்கிறது

[திரையில்: 52 − 27 = 35]

இந்த விடை தப்புதான். ஆனால் சிவப்பு மையால் அடிப்பதற்கு முன் ஒரு கேள்வி. இரண்டு இலக்கக் கழித்தலைப் புதிதாகப் படிக்கும் குழந்தைகள் அடிக்கடி இதே 35-ஐ எழுதுகிறார்களே, ஏன்? 2-இலிருந்து 7-ஐ எடுக்க முடியவில்லை. அதனால் குழந்தை சத்தமில்லாமல் 7-இலிருந்து 2-ஐ எடுத்துவிடுகிறது. “பெரியதில் இருந்துதான் சிறியதைக் கழிக்கணும்” என்று சொல்லிக்கொடுத்தது யார்? நாம்தான்!

1978-இல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள், குழந்தைகள் செய்யும் இப்படிப்பட்ட பிழைகளை கணினி நிரலில் வரும் ‘பக்’ (bug) என்ற கோளாறு மாதிரி ஆராய்ந்தார்கள். பிழை கவனக்குறைவால் மட்டும் வருவதில்லை. குழந்தை ஒரு தவறான விதியை ஒழுங்காகப் பின்பற்றினாலும் வரும். அப்படியானால் “கவனமாப் போடு” என்று அதட்டி என்ன பயன்? அது ஏற்கெனவே கவனமாகத்தான் போட்டிருக்கிறது.

இடமதிப்பு, பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக் கட்டு எல்லாம் அவசியம்தான். உங்களுக்குத் தெரிந்ததே, தாண்டிவிடுவோம்.

[திரையில்: 52 − 49]

இதற்குக் கடன் வாங்கும் குழந்தையைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். 49-க்கு அப்புறம் 50, 51, 52. மூன்று. முடிந்தது! 52 − 27-க்கும் இதே வழிதான். ஒரு வெறுங்கோடு போட்டு, 27-இலிருந்து 30-க்கு 3, அங்கிருந்து 50-க்கு 20, அப்புறம் 2 என்று தாவினால் மொத்தம் 25.

சரி, இப்போது என் செல்ல முறைக்கு வருவோம். இதற்காகத்தான் இந்த வீடியோவே.

ஒரு பாட்டிக்கு 52 வயது, அவர் மகளுக்கு 27 வயது. மூன்று வருடம் போகட்டும். பாட்டிக்கு 55, மகளுக்கு 30. இருவருக்கும் வயது கூடிவிட்டது, ஆனால் வித்தியாசம் மட்டும் அசையவில்லை. 55-இல் 30 போனால்? 25! கடனும் இல்லை, அடித்தல் திருத்தலும் இல்லை.

[வீடியோவை நிறுத்தி, 71 − 38-ஐப் போட்டுப் பாருங்கள்.]

38-ஐ 40 ஆக்க 2 வேண்டும். 71-க்கும் அதே 2. 73 − 40 = 33. இரண்டு எண்களையும் எவ்வளவு நகர்த்துவது என்று குழந்தை தடுமாறினால், “கழிக்கிற எண்ணைப் பூஜ்ஜியத்தில் முடிகிற மாதிரி மாற்று” என்று மட்டும் சொல்லுங்கள். மேலே இருக்கும் 71-ஐ 70 ஆக்கினால் 70 − 37 வரும். விடை மாறாது, ஆனால் தலைவலி அப்படியே இருக்கும்.

இதில் இன்னொரு வேடிக்கை. 52 − 27-இல் மேலே உள்ள 2-க்குப் பத்தைக் கூட்டி 12-இல் 7-ஐக் கழித்து, பிறகு கீழே உள்ள 2-ஐ 3 ஆக்கி, 5-இல் 3 போனால் 2 என்று போடும் ஒரு பழைய முறை உண்டு. அதைப் படித்தவர்களில் பலர் “ஏன் கீழே ஒன்று கூடுது?” என்று கேட்டதே இல்லை. பாட்டிக்கும் மகளுக்கும் பத்துப் பத்து வயது கூட்டுகிறோம், அவ்வளவுதான். பாட்டிக்குப் பத்து ஒன்றுகளாக, மகளுக்கு ஒரு பத்தாக.

இப்போது வழக்கமாகச் சொல்லித்தரும் கடன் வாங்கும் முறை: 52-ஐ 40-உம் 12-உமாகப் பிரித்து, 40 − 20, 12 − 7. விடை 20-உம் 5-உம், அதாவது 25. பெரிய எண்களுக்கு இது கட்டாயம் வேண்டும், நான் இதற்கு எதிரி இல்லை. ஆனால் ‘கடன்’ என்ற பேச்சை விட்டுவிட்டு, “ஒரு பத்தைப் பிரித்துப் பத்து ஒன்றுகளாக்கு” என்று சொல்லலாமே. திருப்பிக் கொடுக்காததைக் கடன் என்றால் குழந்தை என்ன நினைக்கும்?

எந்தக் கணக்குக்கு எந்த முறை என்பதைக் குழந்தையிடமே விடுங்கள். 83 − 5-க்குப் பின்னால் எண்ணலாம், 83 − 79-க்கு முன்னால் எண்ணலாம், 83 − 48-க்கு இரண்டு எண்களையும் நகர்த்தலாம். போட்டு முடித்ததும் “எப்படிப் போட்டாய்?” என்று கேளுங்கள், விடை சரியாக இருந்தாலும்.

கமெண்டில் எழுத ஒரு கேள்வி: 52 + 27-ஐ 55 + 30 ஆக்கினால் ஏன் விடை கெட்டுவிடுகிறது? பெரியவர்கள் பொறுங்கள், குழந்தைகள் முதலில் சொல்லட்டும்.