இல்லாத கடலுக்குக் கதை கட்டுதல்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

மிகுபுனைவு எழுத விரும்பும் இளைஞர்கள் நம் காவிரிப் படுகையில் இன்று நிறையவே இருக்கிறார்கள். அவர்களில் பலர் தாங்கள் படைக்கும் உலகத்தில் ஒரு கடலை வைக்கிறார்கள். வைத்த கையோடு அதில் ஒரு பூதத்தையும், ஒரு பழைய சாபத்தையும், நீண்ட பெயர் கொண்ட நான்கைந்து தெய்வங்களையும் இறக்கிவிடுகிறார்கள். அத்தகைய கைப்பிரதிகளைப் படிக்கும்போது பூதத்துக்கு எத்தனை கைகள், அதன் கண் என்ன நிறம் என்பதெல்லாம் தெரிந்துவிடுகிறது. அந்தக் கடலை நம்பிப் பிழைக்கும் ஒருவர் விடியற்காலையில் படகைத் தண்ணீரில் தள்ளும் முன் என்ன செய்வார் என்பது மட்டும் தெரிவதில்லை. கடலோடிகளின் நம்பிக்கைகளையும் கதைகளையும் ஒரு கற்பனை உலகத்துக்காகப் புதிதாகக் கட்டுவது எப்படி, அந்த வேலை ஓர் எழுத்தாளரை எப்படி வளர்க்கிறது என்பதைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன்.

கடற்கரையில் முதலில் உண்டாவது வழக்கம். கதை அந்த வழக்கத்துக்குக் காரணம் சொல்ல வருகிறது. பூதமோ தெய்வமோ அந்தக் கதைக்குள் கடைசியாக வந்து அமர்கிறது. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுவதால்தான், எவ்வளவு பெரிய பூதத்தைப் படைத்தாலும் வாசகருக்கு அச்சம் வருவதில்லை என்பது என் கருத்து.

பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவரைப் பாருங்கள். முழுநிலா நாளில் அவர்கள் வேட்டைக்குப் போவதில்லை. சினைச்சுறாவின் கொம்பை மணலில் நட்டு, அதில் தெய்வத்தை இருத்தி வணங்கி, தாழை மலரைச் சூடி, கள்ளுண்டு ஆடுகிறார்கள். அந்தத் தெய்வத்தின் உருவம் எப்படிப்பட்டது, அது யாரை வென்றது என்று புலவர் விரித்துரைக்கவில்லை. நமக்குக் கிடைப்பது ஒரு கொம்பு, ஒரு நாள், அன்றைக்குக் கடலுக்குப் போகாத மனிதர்கள். அவ்வளவு போதுமானதாக இருக்கிறது. கொம்பைக் கொடுத்தது எந்தச் சுறா, அதைப் பிடிக்கப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று வாசிப்பவரே கேட்கத் தொடங்கிவிடுகிறார்.

இன்றைய நாகைக் கரையில் இதைவிடச் செழிப்பான பாடம் இருக்கிறது. நாகூரில் ஒரு கதை வழங்குகிறது: நடுக்கடலில் ஒரு கப்பலின் அடிப்பலகை உடைந்து தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தபோது, முகம் மழித்துக்கொண்டிருந்த ஷாகுல் ஹமீது ஆண்டகை கையிலிருந்த கண்ணாடியை வீசினார்; அது போய் அந்த ஓட்டையை அடைத்தது. அங்கிருந்து தெற்கே சிறிது தூரத்தில் வேளாங்கண்ணியில், புயலில் சிக்கிக் கரை சேர்ந்த போர்த்துகீசிய மாலுமிகள் மாதாவுக்குக் கோயில் எழுப்பி, சீனப் பீங்கான் தட்டுகளைக் காணிக்கையாகத் தந்தார்கள் என்கிறார்கள். இரண்டுக்கும் இடையில், நாகப்பட்டினத்து நுளையர்பாடியில் பிறந்த அதிபத்த நாயனாரின் வரலாறு இருக்கிறது. வலையில் விழும் மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று அவர் கடலில் விட்டுவிடுவார். பாடு குறைந்து ஒரே ஒரு மீன் அகப்பட்ட நாட்களிலும் அந்த ஒன்றையே விட்டுவிட்டுப் பட்டினி கிடந்தார். கடைசியில் பொன்மீன் அகப்பட்டபோதும் அதையும் விட்டார். மூன்றும் மூன்று சமயத்தவர் போற்றும் கதைகள். ஆனால் இரண்டில் இருப்பது கப்பல் மூழ்கிவிடுமோ என்ற அச்சம், மூன்றாவதில் இருப்பது வலை வெறுமையாக வருமோ என்ற அச்சம். கடலுக்குப் போகிறவருக்கு இந்த இரண்டு அச்சங்களும் எந்தக் காலத்திலும் நீங்குவதில்லை.

எழுதுகிறவர் இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு கதையும் கையால் தொடக்கூடிய ஒரு பொருளை விட்டுச் செல்கிறது: ஒரு கண்ணாடி, சில தட்டுகள், ஒரு பொன்மீன். அதிபத்தருக்கு இன்றும் ஆவணி மாதத்து ஆயில்யத்தன்று நாகையில் விழா எடுத்துப் பொன்மீனைக் கடலில் விடும் நிகழ்ச்சியை நடத்துகிறார்கள். சவரம் செய்துகொள்ளும்போது கையில் வைத்திருக்கும் சாதாரணக் கண்ணாடி ஒரு கப்பலைக் காப்பாற்றுகிறது என்பதில்தான் நாகூர்க் கதையின் முழு வலிமையும் அடங்கியிருக்கிறது. அதே இடத்தில் மின்னல் வீசும் மந்திரக்கோலை வைத்துப் பாருங்கள். கதை உடனே தளர்ந்துவிடும்.

ஜப்பானிலும் இப்படி ஒரு நம்பிக்கை உண்டு. கடலில் மாண்டவர்களின் ஆவிகள் இரவில் படகை நெருங்கி ஓர் அகப்பை கேட்கும். கொடுத்தால் அதைக்கொண்டே படகுக்குள் தண்ணீரை மொண்டு ஊற்றி மூழ்கடித்துவிடும். அதனால் மீனவர்கள் அடியில்லாத அகப்பை ஒன்றைப் படகில் வைத்திருப்பார்களாம். ஆவியைப் பற்றி ஒரு சொல்லும் கூறாமல், படகின் மூலையில் கிடக்கும் அந்த அகப்பையை மட்டும் ஒரு சிறுவன் எடுத்துப் பார்ப்பதாக எழுதினாலே போதும். அவன் கேட்பதற்குத் தந்தை பதில் சொல்லாமல் இருப்பதில் கதை தானே நகரும்.

இனி, ஒரு புதிய வழக்கத்தை அடியிலிருந்து கட்டிப் பார்ப்போம். நம் கற்பனை உலகத்துக்கு இரண்டு நிலாக்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரட்டை நிலா என்றவுடன் அதன் அழகை எழுதத் தோன்றும். கடலோடியோ நீரேற்றத்தைப் பற்றித்தான் முதலில் கேட்பார். நம் கரையில் நீரேற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள உயர வேறுபாடு பொதுவாக ஒரு மீட்டரைத் தாண்டுவதில்லை. குஜராத்தின் காம்பே வளைகுடாவிலோ அது பத்து மீட்டர் அளவுக்குப் போகும். ஒரு நிலாவுக்கே இவ்வளவு என்றால், இரண்டு நிலாக்கள் ஒரே கோட்டில் வரும் நாளில் நம் கற்பனைக் கரையில் கடல் வெகுதூரம் உள்வாங்கி, மற்ற நாட்களில் யாரும் பார்க்காத அடித்தரை வெளியே தெரியும். ஆண்டுக்குச் சில நாட்கள் மட்டும் கிடைக்கும் அந்தத் தரையில் சிப்பியும் நண்டும் வேண்டிய மட்டும் இருக்கும். ஊரே கூடையோடு இறங்கும். ஏற்றம் திரும்பும்போது மிக வேகமாகத் திரும்பும்.

இப்போது வழக்கத்தை வைக்கலாம். அடித்தரையில் நிரப்பும் கடைசிக் கூடையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, வெறுங்கூடையோடுதான் கரை ஏற வேண்டும். இதன் காரணம் எளியது: இன்னும் ஒரு கூடை என்று நின்றவர்கள்தான் ஏற்றத்தில் அகப்பட்டார்கள், வெறுங்கூடைக்காரர் வேகமாக நடப்பார். ஆனால் ஊரில் யாரும் இந்தக் காரணத்தைச் சொல்லக் கூடாது. சிப்பி உடைக்கும் பாட்டி, கடலம்மாவின் இளைய மகளான சின்ன நிலாவுக்குப் பசிக்கும், அது அவள் பங்கு என்பாள். ஊர்த் தலைவர், மூழ்கிப்போன முன்னோருக்கு அது படையல் என்பார். எதையும் நம்பாத இளைஞனும், கரையில் தாய் பார்த்துக்கொண்டிருப்பதால் கூடையைக் கவிழ்ப்பான். தீர்வை வசூலிக்க வந்திருக்கும் அதிகாரி அதைச் சேதாரம் என்று கணக்கில் எழுதுவார். நான்கு பேரும் நான்கு விதமாகச் சொல்லும்போதுதான் அது வாய்மொழி வழக்காறு ஆகிறது. எல்லோரும் ஒரே கதையை ஒரே சொற்களில் சொன்னால் அது பாடநூல்.

அடுத்து, விலை. அதிபத்தர் வரலாறு நிற்பது அவருக்கு நிறைய மீன் கிடைத்த நாட்களால் அல்ல. அதுபோல நம் கற்பனை ஊரில் ஒரு பஞ்ச ஆண்டை வைக்க வேண்டும். வீட்டில் நோயாளித் தம்பி. அந்த ஆண்டின் கடைசி வற்றில் ஒரு சிறுமிக்கு நிரம்பியது ஒரே ஒரு கூடை. தான் மணலில் பதித்த காலடிக் குழிகளில் தண்ணீர் ஊறி நிறைவதை அவள் பார்க்கிறாள். மூங்கில் பிளாச்சால் முடைந்த கூடையின் விளிம்பு அவள் விரலை அறுத்துக்கொண்டிருக்கிறது. அடியிலிருந்து சேற்றுநீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. கரையிலிருந்து பெயர் சொல்லி அழைக்கிறார்கள். அந்த இடத்தில் கதையாசிரியர் சின்ன நிலாவைப் பேச வைக்கவே கூடாது. அவள் கவிழ்க்கிறாளா, தூக்கிக்கொண்டு ஓடுகிறாளா என்பதை அவளிடமே விட வேண்டும்.

வழக்கம் உயிரைக் காக்கும் என்பதற்குச் சான்றை வெகுதொலைவில் தேட வேண்டியதில்லை. இந்தோனேசியாவின் சிமெலுவே தீவில் 1907-ஆம் ஆண்டு ஓர் ஆழிப்பேரலை வந்தது. பிழைத்தவர்கள் அதை ஸ்மோங் என்று பெயரிட்டுக் கதையாகவும் பாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள்: நிலம் பலமாக அதிர்ந்து, கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்காமல் மேட்டுக்கு ஓடு. 2004 டிசம்பர் 26 அன்று அதிர்ச்சியின் மையத்துக்கு மிக அருகில் இருந்த அந்தத் தீவில், ஏறத்தாழ எழுபத்தெட்டாயிரம் பேரில் இறந்தவர்கள் ஏழு பேர் என்று பதிவாகியிருக்கிறது. அதே காலையில் நம் நாகை மாவட்டம் என்ன ஆயிற்று என்பதை இந்த உரையைக் கேட்பவர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. புகார் நகரைக் கடல் கொண்ட கதை நம்மிடம் இருந்தது. மகனை இழந்த துயரில் மன்னன் இந்திர விழாவை மறந்தான், அதனால் கடல் வந்தது என்று மணிமேகலை கூறுகிறது. கடல் ஏன் வந்தது என்பதை நம் கதை சொல்லிற்று. வரும்போது கால்கள் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதை அந்தத் தீவின் கதை சொல்லிற்று. காவியத்துக்கு முன்னது ஏற்றது. கற்பனை உலகத்து மீனவக் குடும்பத்துக்குக் கதை கட்டுகிறவர் பின்னதையும் கற்றுக்கொள்ள வேண்டும்.

இதனாலேயே, ஊரை விழுங்கும் அலையை எழுதும்போது நம் கரையைச் சேர்ந்தவர்களுக்குக் கூடுதல் பொறுப்பு இருக்கிறது. அந்த அலையை வேடிக்கைக் காட்சியாக எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போவதை நான் ஏற்பதில்லை. அதைப்போலவே, இன்று மக்கள் வழிபடும் தெய்வத்தைப் பெயரை மட்டும் மாற்றி அரக்கனாக்குவதையும் ஏற்பதில்லை. மாசி மகத்தன்று திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போது, தங்கள் குலத்துப் பெண்ணை மணந்தவர் என்பதால் மீனவர்கள் அவரை மாப்பிள்ளை என்று உரிமையோடு வரவேற்கிறார்கள். அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பெருமாளை அல்ல. தெய்வத்தோடு ஒரு தொழில் கொண்டாடும் உறவுமுறையை. உங்கள் உலகத்துக் கடலோடிகள் தங்கள் கடலை எந்த உறவு சொல்லி அழைப்பார்கள்? தாய் என்றால் கோபித்துக்கொள்ளலாம், மடியில் அழலாம். சம்பந்தி என்றால் ஒவ்வொரு பருவத்திலும் சீர் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும். கடன்காரர் என்றால் விடியலில் அவர் கண்ணில் படாமல் போகவே விரும்புவார்கள். இந்த ஒரு முடிவிலிருந்து வாழ்த்துகளும் வசவுகளும் திருமணச் சடங்குகளும் தாமே கிளைக்கும்.

காற்றையும் சொல்லியாக வேண்டும். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கொரு பெயர் வைத்திருக்கும் கரையில் வாழ்கிறவர்கள், தங்கள் கதைமாந்தர் வாயில் வெறுமனே காற்று அடித்தது என்று எழுதக் கூடாது. ஆனால் முப்பது காற்றுக்குப் பெயர் வைத்து அகராதி போடவும் தேவையில்லை. ஒரு கதைக்கு இரண்டு காற்று போதும்: ஒன்று வீட்டுக்குக் கொண்டுவருவது, மற்றொன்று கொண்டுபோவது.

எழுத்தாளராக வளர்வதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் தரும் பயிற்சி இந்த இடத்தில்தான் இருக்கிறது. இன்று நடைமுறையில் உள்ள ஒரு விதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. மீன்கள் இனம் பெருக்கும் காலம் என்பது அதன் காரணம். அரசாணையும் மறைந்து, காரணமும் மறந்துபோய், அந்த 61 நாட்கள் மட்டும் நிலைத்துவிட்ட ஒரு காலத்தைக் கற்பனை செய்யுங்கள். அப்போது பாட்டிமார் அதற்கு என்ன சொல்வார்கள்? கடல் சூல் கொண்டிருக்கிறது என்பார்களா, கடல் துக்கம் காக்கிறது என்பார்களா? அறுபதாவது நாளில் யாருக்கும் தெரியாமல் படகெடுத்தவனுக்கு என்ன நேர்ந்ததாகச் சொல்வார்கள்? அதை ஒரு பக்கத்துக்குள், ஒரு பாத்திரத்தின் வாய்மொழியாக எழுதுங்கள். பிறகு அவரோடு ஒத்துப்போகாத ஒருவரின் வாய்மொழியாக அதே கதையைத் திரும்ப எழுதுங்கள். இரண்டாவது கதையில் உங்கள் சொற்கள் மாறுவதைக் காண்பீர்கள். உங்கள் குரல் ஒதுங்கி அந்த மனிதரின் குரல் வரத் தொடங்கும். வளர்ச்சி என்று நான் மதிப்பது அதைத்தான். உலகத்தைப் பற்றிய குறிப்பேடு எவ்வளவு தடித்தது என்பதைக் கொண்டு அதை அளக்க முடியாது. அந்தக் குறிப்பேட்டில் பெரும்பகுதியைக் கதைக்குள் கொண்டுவராமல் விடும் துணிவு வந்தால், நீங்கள் முன்னேறிவிட்டீர்கள்.

எழுதி முடித்ததை வாய்விட்டுப் படிக்க வேண்டும், அதுவும் முடிந்தால் கடலுக்குப் போய்ப் பழகிய ஒருவரிடம். நன்றாக இருக்கிறதா என்று அவரிடம் கேட்காதீர்கள். இரக்கப்பட்டு ஆமாம் என்பார். இப்படி ஒரு கடல் இருந்தால் நீங்கள் இந்தக் கூடையைக் கவிழ்ப்பீர்களா என்று கேளுங்கள். மாட்டேன் என்று அவர் சொன்னால், ஏன் என்று விளக்கத் தொடங்குவார். காகிதத்தையும் பேனாவையும் அப்போது கையில் வைத்திருங்கள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.