சிறிய மோட்டார் படகில் பேட்டரியை எங்கே வைப்பது?

[காட்சி: துறையில் கட்டியிருக்கும் படகு, பக்கவாட்டில். பின்பக்கம் தாழ்ந்திருக்கிறது, அணியம், அதாவது முன்பக்கம், தூக்கி நிற்கிறது.]

இந்தப் படகில் யாரும் ஏறவில்லை. கயிற்றில் கட்டியபடி சும்மா மிதக்கிறது. இருந்தும் பின்பக்கம் இப்படித் தாழ்ந்திருக்கிறது. எஞ்சின் அங்கே தொங்குகிறது, அதற்கு வேறு போக்கிடம் இல்லை. ஆனால் அதே பின்மூலையில் இரண்டு பேட்டரிகளும் இருக்கின்றனவே, அவற்றை அங்கே வைக்கச் சொன்னது யார்? பெரும்பாலும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எஞ்சினோடு வந்த கேபிள் எதுவரை எட்டியதோ, அதுவரை பேட்டரி போனது.

ஒரு சிறிய படகில் பெரிய எடைகள் என்று பார்த்தால் எஞ்சின், பெட்ரோல், ஆட்கள், நங்கூரம், பேட்டரி ஆகியவைதான். பெட்ரோல் ஓட ஓடக் குறையும். ஆட்கள் எழுந்து நடப்பார்கள். நங்கூரம் முன்னால்தான் இருக்க வேண்டும். நாம் விரும்பிய இடத்தில் வைக்கக்கூடியதும், வைத்த இடத்திலேயே எடை மாறாமல் இருப்பதும் பேட்டரி மட்டும்தான். படகின் சமநிலையைத் திருத்த அதைவிட மலிவான வழி கிடையாது.

[காட்சி: 17 அடி படகின் வரைபடம், மேலிருந்து. நடுவில் ஸ்டியரிங் இருக்கும் மேடையான கன்சோல், பின்னால் எஞ்சின்.]

ஓர் உண்மையான படகை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 1970களில் வந்த பாஸ்டன் வேலர் மாண்டாக். ஏறக்குறைய 17 அடி நீளம், வெறும் உடல் மட்டும் சுமார் 430 கிலோ. ஸ்டியரிங் கன்சோல் நடுவில், பேட்டரி பின்மூலையில். இந்தப் படகு வந்த காலத்தில் பின்னால் தொங்கியது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். 90 குதிரைத்திறன் என்றால் சுமார் 120 கிலோ. பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு அதே திறனுள்ள ஃபோர் ஸ்ட்ரோக் மாட்டுகிறவர்கள் 160 கிலோவுக்கு மேல் பின்னால் தொங்கவிடுகிறார்கள். அதாவது ஒரு சிறுவனைப் பின்பலகையில் நிரந்தரமாக உட்கார வைத்த கணக்கு. படகின் வடிவம் என்னவோ பழைய எடைக்காக வரைந்ததுதான்.

இதில் இன்னொன்றும் நடக்கிறது. டூ ஸ்ட்ரோக் காலத்தில் பல படகுகளில் ஒரு பின்மூலையில் பேட்டரி, எதிர்மூலையில் எஞ்சினுக்கான எண்ணெய்த் தொட்டி என்று இடமும் வலமும் ஓரளவு ஈடுகட்டி நின்றன. ஃபோர் ஸ்ட்ரோக் வந்ததும் எண்ணெய்த் தொட்டிக்கு வேலை போய்விட்டது. தொட்டியை எடுத்தவர்கள் பேட்டரியை நகர்த்த மறந்தார்கள். படகு ஒருபக்கம் சாய்வதற்கு எஞ்சினைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

[காட்சி: சாய்ந்தாடும் பலகையின் எளிய படம். எடைகள் நகர்கின்றன.]

கணக்கு எளிமையானது. எடையைத் தூரத்தால் பெருக்குங்கள். பிள்ளைகள் விளையாடும் சாய்ந்தாடும் பலகையில் ஒல்லியான பையன் நுனியில் உட்கார்ந்து குண்டுப் பையனைத் தூக்குவது இந்தப் பெருக்கலால்தான். ஈய அமில பேட்டரி ஒன்று 25 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேட்டரிகள், 50 கிலோ. அவற்றைப் பின்மூலையிலிருந்து 2 மீட்டர் முன்னால், கன்சோலுக்குள் கொண்டுவந்தால் 100 கிலோகிராம்-மீட்டர் திருப்புவிசை இடம் மாறுகிறது. பின்னால் உட்கார்ந்திருந்த 50 கிலோ எடையுள்ள ஆள் எழுந்து நடுவுக்கு வந்ததற்குச் சமம். ஒரே வேறுபாடு, இவர் திரும்பிப் போக மாட்டார்.

மாண்டாக் அளவுள்ள, ஆட்களோடும் பெட்ரோலோடும் 900 கிலோ இருக்கும் படகில் இதனால் முன்பின் மட்டம் தோராயமாக 4 சென்டிமீட்டர் மாறும் என்று கணக்குச் சொல்கிறது. அதில் பாதிதான் பின்பக்கம் உயரும். இரண்டே இரண்டு சென்டிமீட்டரா என்று கேட்கலாம். தளத்தில் விழும் தண்ணீர் வடிந்துபோகும் துளை நீர்மட்டத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்பதுதான் காலை நனைக்காமல் நிற்பதற்கும் தண்ணீரில் நிற்பதற்கும் உள்ள வேறுபாடு.

[காட்சி: படகு வேகமெடுக்கிறது. அணியம் வானத்தைப் பார்க்கிறது, பின் மெல்ல இறங்குகிறது.]

வேகத்தில் இதன் விளைவு இன்னும் தெளிவாகத் தெரியும். மெதுவாகப் போகும்போது படகு தண்ணீரைப் பிளந்துகொண்டு போகிறது. வேகம் கூடியதும் அடிப்பாகம் நீரின் மேல் ஏறி வழுக்கி ஓடத் தொடங்குகிறது. அந்த ஏற்றத்துக்கு முன் அணியம் உயர்ந்து, ஓட்டுபவருக்கு எதிரே என்ன இருக்கிறது என்றே தெரியாத சில விநாடிகள் வரும். பின்பாரம் கூடக் கூட அந்த விநாடிகள் நீளும். மேலேறிய பிறகும் வேகத்தைச் சற்றுக் குறைத்தால் படகு உடனே கீழே விழுந்துவிடும். இன்னும் மோசமானது, தட்டையான தண்ணீரிலேயே அணியம் மேலும் கீழுமாகத் துள்ளிக்கொண்டே போவது. ஓங்கில் (டால்பின்) துள்ளுவதைப் போல இருப்பதால் பார்ப்பவருக்கு அழகு. உள்ளே இருப்பவரின் இடுப்புக்கு அப்படியல்ல.

அப்படியானால் பேட்டரியை அணியத்திலேயே வைத்துவிடலாமே? முன்னால் காலியான பெட்டியும் இருக்கிறது. வேண்டாம். என் கருத்தில் இது பின்மூலையைவிட மோசமான இடம்.

படகு அலையில் மோதும்போது மிகக் கடுமையாகத் தூக்கி அடிக்கப்படுவது அணியம்தான். ஈய பேட்டரியின் உள்ளே இருக்கும் தகடுகள் அந்த அடியைத் தாங்குவதற்குச் செய்யப்பட்டவை அல்ல. அவற்றின் மேலுள்ள பூச்சு உதிர்ந்து பேட்டரி காலத்துக்கு முன்பே சாகும். அடுத்து, பாரம் இரு நுனிகளிலும் இருந்தால் படகு அலைக்கேற்ப விரைவாகத் தலையைத் தூக்க முடியாது. பின்னாலிருந்து அலை துரத்தும்போது கனத்த அணியம் முன்னலைக்குள் குத்தி, படகு ஸ்டியரிங் சொல்வதைக் கேட்காமல் ஒருபக்கம் வெட்டி இழுக்கும். அது ஆபத்தானது.

மூன்றாவது காரணம் கேபிள். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பேட்டரி எவ்வளவு தூரம் போகலாம் என்பதை முடிவு செய்வது இதுதான்.

[காட்சி: பின்மூலை, கன்சோல், அணியம் என மூன்று இடங்களிலிருந்தும் எஞ்சினுக்குக் கேபிள் ஓடும் படம்.]

ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று கொள்வோம். கேபிள் 35 சதுர மில்லிமீட்டர் செம்பு. மின்சாரம் போயும் வர வேண்டும், எனவே நீளத்தை இரட்டிப்பாக்குங்கள். பேட்டரி பின்மூலையில் இருந்தால் மொத்தம் 3 மீட்டர்; வழியில் இழப்பு 0.2 வோல்ட்டுக்குச் சற்று மேல். கன்சோலில் என்றால் 7 மீட்டர், அரை வோல்ட். அணியத்தில் என்றால் 12 மீட்டர், 0.9 வோல்ட். குளிர்ந்த காலையில் பாதி தளர்ந்த பேட்டரியிடம் 0.9 வோல்ட்டைக் கேபிளே தின்றுவிட்டால், ஸ்டார்ட்டர் சுற்றினாலும் எஞ்சினின் கட்டுப்பாட்டு மின்னணுப் பெட்டி விழித்துக்கொள்ளாமல் போகலாம். கார்புரேட்டர் எஞ்சின் இதைப் பொறுத்துக்கொண்டது. எரிபொருளை மின்னணு முறையில் பீய்ச்சும் எஞ்சின் பொறுக்காது.

தடித்த கேபிள் போட்டால் தீர்ந்தது. கன்சோலுக்கு 50 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.4 வோல்ட்டுக்குள் அடங்கும்; செம்பின் எடை மொத்தம் 3 கிலோ ஆகும். அணியத்துக்கு 70 சதுர மில்லிமீட்டர் என்றால் செம்பு மட்டும் ஏழரைக் கிலோ; விலையைக் கேட்டால் நீங்களே பேட்டரியைப் பின்னால் கொண்டுவந்துவிடுவீர்கள். எஞ்சின் கையேட்டில் நீளத்துக்கேற்ற தடிமன் அட்டவணை இருக்கும், அதைப் பின்பற்றுங்கள். வெள்ளீயம் பூசிய செம்பாக இருக்கட்டும். நடுவில் ஒட்டுப்போடாமல் ஒரே நீளமாக இழுங்கள். நேர்முனைக் கேபிளையும் எதிர்முனைக் கேபிளையும் ஒட்டியே கொண்டுபோங்கள். பிரித்து ஓடவிட்டால் அந்த மின்னோட்டத்தின் காந்தப்புலம் கன்சோல் மேலுள்ள திசைகாட்டியைக் குழப்பும்.

ஆக, என் தேர்வு கன்சோலின் அடி. தளத்தை ஒட்டி, நடுக்கோட்டின் மேல்.

[காட்சி: பின்னாலிருந்து படகு. புரொப்பெல்லர் வலமாகச் சுழல்கிறது, படகு மெல்ல இடம் சாய்கிறது.]

கன்சோல் வலப்பக்கம் இருக்கும் படகுகளில் நடுக்கோடு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. வழக்கமான புரொப்பெல்லர் பின்னாலிருந்து பார்த்தால் கடிகாரத் திசையில் சுழலும். அதன் எதிர்வினை படகை இடப்பக்கம் அமுக்கும். வலப்பக்கம் உட்காரும் ஓட்டுநரின் எடை அதை ஈடுகட்டுகிறது. அதனால் துறையில் வலம் சாய்ந்து நிற்கும் படகு, ஓடும்போது நேராகிவிடலாம். துறையில் மட்டம் பார்த்துப் பேட்டரியை இடப்பக்கம் திருகிவிட்டால், வேகத்தில் இடம் சாய்ந்தபடியே போவீர்கள்.

எனவே பேட்டரியைப் பொருத்தத் துளை போடுவதற்கு முன் தண்ணீர் கேன்களை வைத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ, தராசுகூட வேண்டாம். பேட்டரிகளின் எடைக்குச் சமமாகக் கேன்களை நிரப்பி, நினைத்த இடத்தில் இறுகக் கட்டி, பேட்டரிகளைப் பழைய இடத்திலிருந்து எடுத்துவிட முடியாது என்பதால் அதே எடையைக் கூடுதலாக ஏற்றித்தான் ஓட்டுகிறோம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். வழக்கமாக வரும் ஆட்கள், பாதி டேங்க் பெட்ரோல். மேலேற எத்தனை விநாடி, எந்த வேகத்துக்குக் கீழே விழுகிறது, துள்ளுகிறதா, எந்தப் பக்கம் சாய்கிறது என்று கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். கேன்களை அரை மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்தி மறுபடி ஓட்டுங்கள். நாள் முழுவதும் ஆகும், பரவாயில்லை.

முன்னால் மின்சாரத் துடுப்பு மோட்டார் வைத்து மீன் பிடிப்பவர்களுக்குத் தனிக் கணக்கு. அதற்கே சிலருக்கு இரண்டு மூன்று பேட்டரிகள் வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை இங்கே கைகொடுக்கும்: 100 ஆம்பியர் மணி ஈய பேட்டரி 30 கிலோவை நெருங்கும் இடத்தில் இது 12 கிலோ அளவில் நின்றுவிடுகிறது. ஆனால் எஞ்சினை ஸ்டார்ட் செய்ய இதைப் பயன்படுத்தலாமா என்பதை எஞ்சின் தயாரிப்பாளர்தான் சொல்ல வேண்டும்.

[காட்சி: கன்சோலின் உட்புறம். தட்டு, பட்டை, காற்றுத் துளைகள்.]

இனி பொருத்துவது. ஈய பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறும்; காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். அது மேலே போகும் வாயு, எனவே கன்சோலின் உச்சியில் துளை வேண்டும். பெட்ரோல் ஆவி இதற்கு நேர்மாறாகக் கீழே தங்கும். அதனால் பேட்டரியைப் பெட்ரோல் டேங்குக்கு நேர் மேலேயோ நேர் கீழேயோ வைக்கக் கூடாது. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதியே அதுதான். பேட்டரியை 90 பவுண்டு, அதாவது சுமார் 41 கிலோ விசையால் இழுத்தாலும் ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. சட்டப்படி இது அவுட்போர்டு படகுகளை, அதாவது எஞ்சின் பின்னால் வெளியே தொங்கும் படகுகளை, கட்டுப்படுத்தாது. தீக்கு அந்த விலக்கு தெரியாது.

மாண்டாக் போன்ற நுரை நிரப்பிய படகில் கண்ட இடத்தில் திருகினால் பிடிக்காது. மேலே இருப்பது மெல்லிய தோல். உள்ளே ஒட்டுப்பலகை எங்கெங்கே புதைத்திருக்கிறது என்று காட்டும் வரைபடம் இந்தப் படகுகளுக்கு உண்டு. அதைப் பார்த்துத் திருகுங்கள். விளக்கு, பம்பு முதலியவற்றுக்குப் போகும் கம்பிக்கு ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே, 18 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும்.

பேட்டரி முனைகளில் கையால் திருகும் சிறகு நட்டுகள் இருந்தால் கழற்றி எறிந்துவிட்டு அறுகோண நட்டுகளைப் போட்டுச் ஸ்பேனரால் இறுக்குங்கள். அலையடிக்கும் நீரில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, கன்சோலைத் திறந்து, மறுபடி ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்.